விசிட்டிங் கார்டில் ஒரே பெயர்: எஸ்ஆர்வி பதிவுகளோடு பழகிய அனுபவம்

பினாங்கின் பட்டர்வொர்த்தில் ஒரு டியூஷன் நிலையத்துக்குப் பகுதிநேரமாகக் கணினி வேலை பார்த்துக்கொடுக்கிறேன். பகல் வேலை பாயான் லெப்பாசில், ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க் பிரிவில். நிலையத்துக்குப் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கிளை உண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே டொமைன் (இணையப் பெயர்), காம்.மை என்று முடிவது. அந்த ஒரு பெயரின் கீழ் இன்று அகப்பக்கம், மின்னஞ்சல், இணையத் தொலைபேசி, ஆசிரியர்களுக்கான அரட்டை, வகுப்பு நாட்காட்டி, விடுமுறைக் கால மைன்கிராஃப்ட் எல்லாம் ஓடுகின்றன. இவற்றில் சில வெளிநாட்டுச் சர்வரில், சில புக்கிட் மெர்தாஜாம் கிளையில், சில இங்கே வாடகைக்கு எடுத்த சர்வரில்; முன்பு சில பட்டர்வொர்த் கடைவீட்டு மாடியிலும் இருந்தன. வெளியே இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. டிஎன்எஸ் என்ற இணையப் பெயரேட்டில் இருக்கும் எஸ்ஆர்வி பதிவுகள்தான், அதாவது எந்தச் சேவை எந்தச் சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் வரிகள்தான், பெரும்பாலும் இதைக் கட்டி நிறுத்துகின்றன.

இப்படி ஒரே பெயரில் வைக்கக் காரணம் நிலையத்தை நடத்தும் அக்கா. "தம்பி, பேனர்லயும் கார்டுலயும் ஒரே பேருதான் இருக்கணும். சாட்டுக்கு ஒரு பேரு, போனுக்கு ஒரு பேருன்னு ஆசிரியருங்களுக்கு நான் தனியா கிளாஸ் எடுக்க முடியாது" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு ஆசிரியருக்கு மின்னஞ்சல் முகவரி என்னவோ அதுவே அரட்டை முகவரி, அதுவே தொலைபேசிக் கணக்கு என்று இருந்தால் புதிதாக வேலைக்குச் சேருபவருக்கு ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். புலனக் (வாட்ஸ்அப்) குழுவை விட்டு வெளியே வரவேண்டும் என்பதும் அவர் முடிவுதான். மாணவர் மதிப்பெண் பட்டியல் ஒன்று தவறான குழுவுக்குப் போன பிறகு, ஆசிரியர்களுக்கு மட்டும் தனி வழி வேண்டும் என்றார்.

துணை டொமைன் போதாதா என்று கேட்கலாம். பல இடங்களில் போதும். 'சாட்.டொமைன்', 'போன்.டொமைன்' என்று பிரித்துக் கொடுத்து, செயலியின் சர்வர் கட்டத்தில் அதைத் தட்டச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. நாலைந்து பேர் இருக்கும் அலுவலகத்துக்கு நான் இன்றும் அதையே சொல்வேன். ஆனால் முகவரியின் '@' குறிக்குப் பின்னால் டொமைன் மட்டும் வரவேண்டும் என்றால் சிக்கல் தொடங்குகிறது.

சிக்கல் இதுதான். டொமைனின் ஏ பதிவு, அதாவது பெயருக்கு எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் வரி, ஒரே ஐபியை (சர்வரின் எண் முகவரியை) சுட்டுகிறது. எங்கள் டொமைனில் அது அகப்பக்கத்தை வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் சர்வர். அரட்டைச் செயலியில் ஆசிரியர் முகவரியைத் தட்டினால், வேறு தகவல் இல்லாதபோது செயலி நேராக அந்த ஐபிக்குப் போய் 5222 போர்ட்டை (சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட கதவை) தட்டும். அங்கே அரட்டை சர்வர் கிடையாது, கதவு மூடியிருக்கும். தொலைபேசியும் அதே ஐபிக்குப் போய் 5060 போர்ட்டில் ஏமாந்து திரும்பும்.

மின்னஞ்சலுக்கு மட்டும் இந்தத் தொல்லை எப்போதும் இருந்ததில்லை. எம்எக்ஸ் பதிவு அதற்கென்றே இருக்கிறது. 1986-இல் வந்த ஆர்எஃப்சி 974 (இணைய விதிமுறை ஆவணங்களை ஆர்எஃப்சி என்பார்கள்) தொட்டு, 'இந்த டொமைனுக்கான அஞ்சலை இந்தச் சர்வரில் கொடு' என்று தனியாகச் சொல்ல முடிகிறது. அதே வசதியை எல்லாச் சேவைக்கும் விரித்ததுதான் எஸ்ஆர்வி. 1996-இல் சோதனை நிலையில் ஆர்எஃப்சி 2052 ஆக வந்து, 2000 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2782 ஆக உறுதியானது. எம்எக்ஸில் இல்லாத ஒன்று இதில் உண்டு: போர்ட் எண்ணையும் சொல்லலாம். கொம்தார் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் நின்று எந்த அலுவலகம் எந்த மாடி என்று பலகையில் பார்ப்போமே, அந்தப் பலகையின் வேலைதான் எஸ்ஆர்விக்கு. ஏ பதிவு கட்டிடத்தின் முகவரியோடு நின்றுவிடும்.

ஒரு பதிவு இப்படி இருக்கும். இங்கே தமிழில் எழுதுகிறேன்; பதியும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். 'டொமைன்' என்று வரும் இடத்தில் உங்கள் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

_சிப்._யுடிபி.டொமைன்.   3600   எஸ்ஆர்வி   10   0   5060   பிபிஎக்ஸ்1.டொமைன்.

முதலில் சேவையின் பெயர் (சிப் என்பது இணையத் தொலைபேசியின் நெறிமுறை), அடுத்து தரவு போகும் முறை டிசிபியா யுடிபியா என்பது, பிறகு டொமைன். பெயர்களின் முன்னால் உள்ள அடிக்கோடு அலங்காரம் இல்லை. கணினிப் பெயர்களில் அடிக்கோடு வரக்கூடாது என்ற விதி இருப்பதால், உண்மையான கணினிப் பெயரோடு இது ஒருபோதும் மோதாது. 3600 என்பது பதிலை எத்தனை விநாடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு, பெயர் டிடிஎல். அப்புறம் நான்கு விஷயம்: முன்னுரிமை, எடை, போர்ட், இலக்கு (இங்கே பிபிஎக்ஸ் எனப்படும் தொலைபேசி இணைப்பகச் சர்வர்).

முன்னுரிமையில் சின்ன எண்தான் முதலில். பெரிய எண் கொடுத்தால் பெரிய மரியாதை என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 10 உள்ள சர்வர் கிடைக்காவிட்டால்தான் 20 உள்ளதைச் செயலி தேடிப் போகும். எடை என்பது ஒரே முன்னுரிமையில் இருக்கும் சர்வர்களிடையே சுமையைப் பங்கு போடுவதற்கு. ஒன்றுக்கு 60, இன்னொன்றுக்கு 20 என்றால் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு முதலாவதற்குப் போகும். எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அதற்குத் தேவையே வராது. 0 போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

இலக்கு ஒரு கணினிப் பெயராக இருக்கவேண்டும், ஐபி எண்ணாக இருக்கக்கூடாது. அந்தப் பெயர் சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் பதிவு) வழியாக இன்னொரு பெயருக்குத் தாவக்கூடாது, ஏ அல்லது ஏஏஏஏ (ஐபிவி6 எண்ணுக்கானது) பதிவு நேரடியாக இருக்கவேண்டும் என்பது விதி. விதியை மீறினாலும் சில செயலிகள் ஓடும், சில ஓடாது. பாதி பேருக்கு வேலை செய்து பாதி பேருக்குச் செய்யாத நிலைதான் கண்டுபிடிக்கக் கடினம், அதனால் விதியோடு இருப்பது நல்லது. அதே சமயம், இலக்கு உங்கள் டொமைனுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பட்டர்வொர்த் கடைவீட்டின் இணைப்பில் ஐபி அவ்வப்போது மாறும். அதனால் டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்று கொடுத்த பெயரையே முதலில் இலக்காகப் போட்டிருந்தேன். அதற்கு ஏ பதிவு உண்டு, ஐபி மாறினால் அந்தச் சேவையே திருத்திக்கொள்ளும். இதற்கும் முன்னால் பார்க்கவேண்டியது ஒன்று: இணைப்புக்குப் பொது ஐபி கிடைக்கிறதா என்பது. பல வீடுகளை ஒரே ஐபிக்குப் பின்னால் அடைத்து வைக்கும் இணைப்பாக இருந்தால், எந்தப் பதிவு போட்டாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வரமுடியாது.

இதுவரை படித்தால் எஸ்ஆர்வி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் போலத் தோன்றும். தீர்க்காது. பதிவு தானாக எதையும் செய்வதில்லை, கேட்கிற செயலிக்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான். கேட்காத செயலிக்கு அது இல்லாததற்குச் சமம். ஆகவே ஒரு சேவைக்கு எஸ்ஆர்வி போடுவதற்கு முன் நான் பார்ப்பது சர்வரை அல்ல, மறுமுனையில் இருக்கும் செயலியை. ஆசிரியர் கையில் என்ன இருக்கிறது, அது கேட்குமா?

முதல் ஏமாற்றம் பிரவுசர். அகப்பக்கத்துக்காக எந்தப் பிரபல பிரவுசரும் எஸ்ஆர்வியைக் கேட்பதில்லை. அதனால் வேறு போர்ட்டில் இருக்கும் வலைச் சேவையை எஸ்ஆர்வி கொண்டு டொமைனில் ஒட்டவைக்க முடியாது. 2023 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 9460, எச்டிடிபிஎஸ் என்ற புதிய பதிவு வகையை வலைக்கென்றே கொண்டுவந்திருக்கிறது. பிரவுசர்கள் அதைக் கேட்கத் தொடங்கிவிட்டன. ஆனால் கேட்காத பழைய பிரவுசர்கள் இருக்கும்வரை ஏ பதிவை எடுத்துவிட முடியாது. ஆகவே எங்கள் கணக்கு எளிது: டொமைனின் ஏ பதிவு முழுக்க அகப்பக்கத்துக்குச் சொந்தம், மற்றவை எல்லாம் அதைத் தொடாமல் எஸ்ஆர்வி வழியாக.

அகப்பக்க நிறுவனம் ஒருமுறை, 'ஏ பதிவை எடுத்துவிட்டு டொமைனுக்கே சிநேம் போடுங்கள்' என்று எழுதியது. சிநேம் உள்ள பெயரில் வேறு பதிவு எதுவும் இருக்கக்கூடாது என்பது 1987-இலிருந்தே உள்ள விதி. போட்டிருந்தால் அஞ்சல் வரும் எம்எக்ஸ் பதிவுக்கு இடமே இருந்திருக்காது. எஸ்ஆர்வி பதிவுகள் அடிக்கோடு போட்ட வேறு பெயர்களில் இருப்பதால் தப்பித்திருக்கும் என்றாலும், அஞ்சல் இல்லாமல் அக்காவின் முகத்தை யார் பார்ப்பது? மறுத்து எழுதினேன், ஐபி எண்ணை அனுப்பினார்கள்.

அரட்டைக்கு எக்ஸ்எம்பிபி என்ற அரட்டை நெறிமுறையைத் தேர்ந்தெடுத்ததே அதன் வழக்கமான செயலிகள் எஸ்ஆர்வியைக் கேட்பதால்தான். ப்ரோசடி என்ற சிறிய சர்வர் மென்பொருள், ஆண்டிராய்டு கைப்பேசியில் கான்வர்சேஷன்ஸ் செயலி, கணினியில் கஜிம். '_எக்ஸ்எம்பிபி-கிளையண்ட்._டிசிபி' என்ற பெயரில் 5222 போர்ட்டோடு ஒரு பதிவு போட்டதும் ஆசிரியர்கள் முகவரியும் கடவுச்சொல்லும் தட்டி உள்ளே வந்துவிட்டார்கள். சர்வர் பெயர் என்ற கட்டத்தை யாரும் தொடவே இல்லை.

ஒரே ஒரு ஆசிரியைக்கு மட்டும் வேலை செய்யவில்லை. பகலில் அவர் இருக்கும் இடத்தின் வைஃபை, வலைப் பயன்பாட்டுக்கான 80, 443 போர்ட்டுகளைத் தவிர எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தது. இங்கேதான் எஸ்ஆர்வியின் அருமை தெரிந்தது. '_எக்ஸ்எம்பிபிஎஸ்-கிளையண்ட்._டிசிபி' என்று இன்னொரு பெயர் உண்டு. முதல் நொடியிலிருந்தே டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பூட்டோடு பேசும் இணைப்புக்கானது. அதன் போர்ட்டை 443 என்று போட்டேன். அகப்பக்கம் வேறு சர்வரில் இருப்பதால் அரட்டை சர்வரின் 443 காலியாகத்தான் கிடந்தது. செயலி இரண்டு பெயர்களையும் கேட்டு, முன்னுரிமைப்படி வரிசையாக முயன்று பார்க்கும். அந்த ஆசிரியை கைப்பேசியில் எதையும் மாற்றாமலே உள்ளே வந்தார்.

வெளி அரட்டை சர்வர்களோடு பேசும் '_எக்ஸ்எம்பிபி-சர்வர்._டிசிபி' பதிவு எங்களுக்குத் தேவையில்லை, உள்ளுக்குள் பேசினால் போதும். வெறுமனே போடாமல் விட்டால் மற்ற சர்வர்கள் ஏ பதிவைப் பார்த்து அகப்பக்கச் சர்வரைத் தட்டும். அதற்குப் பதில் அந்தப் பெயரில் இலக்காக ஒற்றைப் புள்ளியை மட்டும் போட்டேன். 'இந்தச் சேவை இங்கே கிடையாது, தேடாதே' என்பதற்கு ஆர்எஃப்சி சொல்லும் முறை அது. அஞ்சலைப் படிப்பதற்கான பூட்டில்லாத பழைய ஐமேப்புக்கும் அதே புள்ளிதான்.

இனி சான்றிதழ், அதாவது சர்வர் தன் பெயரை நிரூபிக்கக் காட்டும் அடையாளச் சீட்டு. எஸ்ஆர்வி போடும் பலர் இடறுவது இங்கேதான், ஏனென்றால் பொதுப்புத்திக்கு எதிராக இருக்கும். பதிவு 'சாட்1.டொமைன்' என்ற சர்வரைக் காட்டுகிறது. அப்படியானால் அந்தப் பெயருக்குத்தானே சான்றிதழ்? இல்லை. எக்ஸ்எம்பிபி செயலி சரிபார்ப்பது பயனர் தட்டிய பெயரை, அதாவது '@' குறிக்குப் பின்னால் உள்ள டொமைனை. காரணம் நியாயமானது. டிஎன்எஸ் பதிலை நடுவழியில் யாராவது மாற்றித் தங்கள் சர்வரைக் காட்டிவிடலாம், தங்கள் பெயருக்கு ஒரு சான்றிதழும் வைத்திருக்கலாம். செயலி எஸ்ஆர்வி சொன்ன பெயரை நம்பினால் கடவுச்சொல் போயே போய்விடும். டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் போட்டு இலக்கின் பெயரையே நம்பும் வழியும் இருக்கிறது, ஆனால் சாதாரணச் செயலிகள் அந்த வழியில் வரும் என்று எண்ணி இறங்க வேண்டாம்.

ஆகவே அரட்டை சர்வருக்கு மொத்த டொமைனின் பெயரில் சான்றிதழ் வேண்டும். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டில் வழக்கமாகச் செய்வது போல, வலைப் பக்கத்தில் ஒரு கோப்பை வைத்து டொமைன் என்னுடையது என்று காட்டலாம் என்றால், அந்தப் பக்கம் வெளிநாட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. வழி டிஎன்எஸ் மூலம் காட்டுவது: '_ஆக்மி-சேலஞ்ச்' என்ற பெயரில் ஒரு டிஎக்ஸ்டி (எழுத்துக் குறிப்பு) பதிவு. சான்றிதழ் வழக்கமாக 90 நாள்தான் செல்லும் என்பதால் கையால் செய்துகொண்டிருக்க முடியாது. நாங்கள் டொமைன் வாங்கிய இடத்தின் பலகையில் (டிஎன்எஸ் பதிவுகளைத் திருத்தும் பக்கத்தில்) இதைத் தானியக்கமாகச் செய்ய வசதி இல்லை. அதனால் அந்த ஒரு பெயரை மட்டும் சிநேம் போட்டு, ஏபிஐ (நிரல் மூலம் மாற்றும் வசதி) உள்ள வேறொரு டிஎன்எஸ் சேவைக்குத் திருப்பிவிட்டேன். இங்கே சிநேம் தாராளமாகப் போடலாம், எஸ்ஆர்வி இலக்குக்குத்தான் ஆகாது. புதுப்பித்த பிறகு ப்ரோசடியைச் சான்றிதழை மீண்டும் படிக்கச் சொல்லவும் மறக்கக்கூடாது.

தொலைபேசி வேறொரு உலகம். சிப் நெறிமுறை எப்படிச் சர்வரைத் தேடவேண்டும் என்று 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3263 சொல்கிறது. அதில் உள்ள ஒரு வரியை, வாங்கிய ஒவ்வொரு மேசைத் தொலைபேசியிலும் நான் நினைவில் வைக்க வேண்டியிருந்தது: போர்ட் எண் குறிப்பிடப்பட்டிருந்தால் எஸ்ஆர்வியைப் பார்க்கத் தேவையில்லை, நேராக ஏ பதிவுக்குப் போகலாம். தொலைபேசியின் அமைப்புப் பக்கத்தில் போர்ட் கட்டத்தில் 5060 என்று ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அதை அப்படியே விட்டால் அது அகப்பக்கச் சர்வரைப் போய்த் தட்டி, 'பதிவு தோல்வி' என்று காட்டும். கட்டத்தைக் காலியாக்க வேண்டும். சில கருவிகளில் காலியாக விட முடியாது, 0 என்று போடவேண்டும். இன்னும் சிலவற்றில் போக்குவரத்து வகை என்ற இடத்தில் 'டிஎன்எஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் எஸ்ஆர்வியைக் கேட்கும். வாங்குவதற்கு முன் கையேட்டில் இந்த ஒரு விஷயத்தைத் தேடிப் பார்த்துவிடுங்கள். கேட்கவே தெரியாத மலிவுக் கருவிகளும் உண்டு.

தொலைபேசிக்கு மட்டும் இரண்டு இலக்கு வைத்தோம். முன்னுரிமை 10-இல் பட்டர்வொர்த் மாடியில் இருந்த பிபிஎக்ஸ், 20-இல் வாடகைச் சர்வரில் ஒரு மாற்று. பருவம் மாறும் மாதங்களில் பிற்பகல் இடிமழை நம் ஊரில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு மாலை பட்டர்வொர்த்தில் மின்சாரம் போனது. புக்கிட் மெர்தாஜாம் கிளையின் தொலைபேசிகள் கொஞ்ச நேரம் ஊமையாக இருந்துவிட்டு, தாமாகவே மாற்று சர்வரில் போய்ப் பதிந்துகொண்டன. அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்பது டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லைப் பொறுத்தது என்று நினைப்போம். அப்படி இல்லை. இரண்டு இலக்கும் ஏற்கெனவே தொலைபேசியின் கையில் இருக்கின்றன. அது அடுத்த முறை சர்வரில் தன்னைப் பதிந்திருப்பதைப் புதுப்பிக்கப் போகும்போதுதான் முதல் சர்வர் இல்லை என்பதே அதற்குத் தெரியும். அதனால் புதுப்பிக்கும் இடைவெளியை ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு நிமிடமாகக் குறைத்தேன்.

இதை வைத்து எஸ்ஆர்வி முழுப் பாதுகாப்பு தரும் என்று நம்பிவிட வேண்டாம். சர்வர் பதிலே தராவிட்டால் செயலி அடுத்ததற்குப் போகும். சிப்பில் 503 (சேவை இப்போது இல்லை) என்ற பதில் வந்தாலும் போகும். ஆனால் சர்வர் இணைப்பை வாங்கிக்கொண்டு உள்ளே கோளாறாக உட்கார்ந்திருந்தால் செயலியும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். எஸ்ஆர்வி நோயைக் கண்டுபிடிக்காது. வெளி எண்ணிலிருந்து வரும் அழைப்பு எந்தச் சர்வருக்கு வரவேண்டும் என்பதும் இதில் இல்லை, அதைத் தொலைபேசி நிறுவனத்தின் பக்கம் தனியாக அமைக்கவேண்டும். குரல் போகும் ஆர்டிபி போர்ட்டுகளும் அப்படித்தான். மணி அடித்து, எடுத்தால் சத்தமே வராவிட்டால் எஸ்ஆர்வியைத் திட்டாதீர்கள். ஃபயர்வாலில் ஆஸ்டரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருளின் வழக்கமான 10000 முதல் 20000 வரையிலான யுடிபி போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அரட்டைக்கு ஏன் இப்படி இரண்டு வைக்கவில்லை என்றால், இரண்டு அரட்டை சர்வர்களுக்கு இடையே செய்திகளும் கணக்குகளும் ஒத்துப்போகும்படி வைப்பது பெரிய வேலை. மாற்று சர்வரில் நுழைந்த ஆசிரியர் காலியான பெட்டியைப் பார்த்தால் எனக்குத்தான் இரவில் அழைப்பு வரும்.

மைன்கிராஃப்ட் கிளப் எளிது. புக்கிட் மெர்தாஜாமில் ஒரே கணினியில் இரண்டு உலகம், ஒன்று 25565 போர்ட்டில், மற்றது 25566-இல். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு துணைப் பெயர், பெரிய பிள்ளைகளுக்கு ஒன்று, இரண்டுக்கும் '_மைன்கிராஃப்ட்._டிசிபி' என்று ஆளுக்கொரு பதிவு. போர்ட் எண்ணை எந்தப் பிள்ளையும் தட்டத் தேவையில்லை. ஆனால் இது கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கு மட்டும். டேப்லெட்டோடு வந்த பிள்ளைகளிடம் இருப்பது பெட்ராக் பதிப்பு, அது எஸ்ஆர்வியைக் கேட்காது. அவர்கள் பெயரையும் போர்ட்டையும் தனித்தனியே தட்டத்தான் வேண்டும். பதிப்பே வேறு என்பதால், 'நான் அவன் உலகத்துக்கு ஏன் போக முடியல?' என்ற கேள்விக்கு டிஎன்எஸ்ஸில் பதில் இல்லை.

நாட்காட்டியில் '_கால்டாவ்ஸ்._டிசிபி' பதிவோடு, எந்தப் பாதையில் தேடவேண்டும் என்று சொல்ல அதே பெயரில் ஒரு டிஎக்ஸ்டி பதிவும் போடலாம். ஆண்டிராய்டில் டேவ்எக்ஸ்5 செயலி இரண்டையும் கேட்டு, 8443 போர்ட்டில் இருந்த எங்கள் சர்வரைத் தானே கண்டுபிடித்தது. ஆப்பிள் கைப்பேசி வைத்திருந்த ஆசிரியர்களுக்கு நானே முழு முகவரியைத் தட்டிக்கொடுத்துவிட்டேன். நாலே பேர், அதற்காக ஆராய்ச்சி செய்ய எனக்குப் பொறுமை இல்லை. மின்னஞ்சல் செயலிக்கு '_ஐமேப்ஸ்._டிசிபி' 993, '_சப்மிஷன்ஸ்._டிசிபி' 465 என்று பதிவுகள் இருக்கின்றன. எல்லாச் செயலிகளும் இவற்றைக் கேட்பதில்லை. தண்டர்பேர்ட் போன்றவை எக்ஸ்எம்எல் கோப்பை வேறு இடத்தில் தேடும், அவுட்லுக் தன் ஆட்டோடிஸ்கவர் வழியில் போகும். பதிவைப் போட்டு வைப்பதில் நஷ்டமில்லை, ஆனால் அதை நம்பிக் கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

பதிவு போடும் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு நிறுவனத்தின் பலகையும் ஒரு விதம். சிலவற்றில் சேவை, நெறிமுறை, பெயர் என்று மூன்று கட்டம். சிலவற்றில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டத்தில் எழுதவேண்டும். சில பலகைகள் எடை, போர்ட், இலக்கு மூன்றையும் ஒரே கட்டத்தில் இடைவெளி விட்டு எழுதச் சொல்லும். இலக்கின் கடைசியில் புள்ளி வைக்காவிட்டால் டொமைனை இன்னொரு முறை பின்னால் ஒட்டிவிடும் பலகைகளும் உண்டு, விளைவு, 'பிபிஎக்ஸ்1.டொமைன்.டொமைன்' என்று இல்லாத ஒரு பெயர். பலகையில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். வெளியிலிருந்து கேட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி. லினக்ஸிலும் மேக்கிலும் 'டிக்' கட்டளை, விண்டோஸில் 'என்எஸ்லுக்அப்' கட்டளையில் வகை எஸ்ஆர்வி என்று கொடுத்தால் போதும்.

கேட்பதிலும் ஒழுங்கு இருக்கிறது. பதிவைப் போடுவதற்கு முன்பே ஆர்வத்தில் யாராவது செயலியைத் திறந்து பார்த்துவிட்டால், 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற பதிலும் நினைவில் தங்கிவிடும். எவ்வளவு நேரம் என்பதை டொமைனின் எஸ்ஓஏ என்ற தலைப்புப் பதிவில் உள்ள எண்கள் தீர்மானிக்கும்; 1998-இன் ஆர்எஃப்சி 2308 சொல்லும் முறை இது. எஸ்ஆர்வியின் டிடிஎல்லை எவ்வளவு குறைத்தாலும் இதற்கு உதவாது. புக்கிட் மெர்தாஜாம் கிளையில் ஒரு ஆசிரியர் அப்படி முன்கூட்டியே முயன்றுவிட, பட்டர்வொர்த்தில் எல்லோருக்கும் அரட்டை ஓடியது, அந்தக் கிளையில் மட்டும் மணிக்கணக்கில் இல்லை. அப்போது பதிவுகளை வைத்திருக்கும் டொமைனின் சொந்த நேம்சர்வரையே நேரடியாகக் கேட்டுப் பார்க்கவேண்டும். அங்கே சரியாக இருந்தால் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம். அதனால் இப்போதெல்லாம் முதலில் பதிவு, அப்புறம் சோதனை, கடைசியாகத்தான் ஆசிரியர்களுக்கு அறிவிப்பு.

இவ்வளவு சிரமப்பட்டதற்குப் பலன் கடைவீட்டு மாடியைக் காலி செய்தபோது கிடைத்தது. வாடகை ஏறியதால் அக்கா கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொண்டார், மாடியில் இருந்த சர்வர்களுக்கு இடமில்லை. அரட்டையையும் முதல் பிபிஎக்ஸையும் சைபர்ஜெயாவில் உள்ள ஒரு வாடகைச் சர்வருக்கு மாற்ற முடிவு செய்தோம். முதலில் எஸ்ஆர்வி பதிவுகளின் டிடிஎல்லை 300 விநாடியாகக் குறைத்து, பழைய டிடிஎல் முழுதும் கழியும்வரை விட்டேன். பிபிஎக்ஸுக்குப் புதிய சர்வரை முன்னுரிமை 5-இல் சேர்த்தேன், பழையது 10-இல் அப்படியே இருந்தது. ஏதாவது கோளாறு என்றால் புதிய வரியை எடுத்துவிட்டால் போதும், தொலைபேசிகள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அரட்டைக்கு அப்படிச் செய்ய முடியாது. ஒரு ஞாயிறு இரவில் பழையதை நிறுத்தி, தரவை நகலெடுத்து, பதிவின் இலக்கை மாற்றி, புதியதைத் தொடங்கினேன். யாருடைய கைப்பேசியிலும் எதையும் மாற்றச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் ஆசிரியர்கள் வழக்கம்போல வகுப்பு நேரத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பழைய பிபிஎக்ஸை மட்டும் உடனே அணைக்கவில்லை. அதன் பதிவேட்டில் இன்னும் யார் வந்து பதிகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாகப் புதிய இடத்துக்குப் போய், கடைசியில் ஒன்று மட்டும் நகராமல் நின்றது: பட்டர்வொர்த் வரவேற்பறைத் தொலைபேசி. வயரிங் செய்ய வந்தவர் சர்வர் கட்டத்தில் டொமைனுக்குப் பதிலாக 'பிபிஎக்ஸ்1' என்ற கணினிப் பெயரையே நேராகத் தட்டிவிட்டுப் போயிருந்தார். அதை டொமைன் என்று மாற்றி, போர்ட் கட்டத்தில் 0 போட்டுச் சேமித்ததும் அதுவும் சைபர்ஜெயாவில் போய்ப் பதிந்தது. அன்று மாலையே பழைய பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டோம், பதிவில் இருந்த அந்த 10 வரியையும் எடுத்தாயிற்று.